டிவி பணம்: சமப் பங்கா, பார்வையாளர் கணக்கா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (இது நம் ஊர்க் கால்பந்து அல்ல) டிவி உரிமையைப் பெரும்பாலும் கல்லூரிகள் தனித்தனியாக விற்பதில்லை. கான்ஃபரன்ஸ் எனப்படும் கூட்டமைப்புதான் மொத்தமாகப் பேரம் பேசி விற்கிறது. ஒளிபரப்பு மீது கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. வைத்திருந்த பிடியை 1984-இல் உச்ச நீதிமன்றம் உடைத்த பிறகு வந்த ஏற்பாடு இது. சரி, வந்த பணத்தை எப்படிப் பங்கு போடுவது? அங்கேதான் இரண்டு கட்சி.

எஸ்.இ.சி. என்ற கான்ஃபரன்ஸில் சமப் பங்கு. அதில் உள்ள அலபாமா ஆடினால் நாடே பார்க்கும். அதே கான்ஃபரன்ஸின் வாண்டர்பில்ட் பல ஆண்டுகள் தோற்றுக்கொண்டே இருந்த அணி. ஆனாலும் டிவி பங்கு இருவருக்கும் ஒன்றுதான். ஆட்டத்துக்கு எதிரணி வேண்டுமே, அந்த அணிக்கும் காசு சேரட்டும் என்பது இதன் நியாயம்.

ஏ.சி.சி. என்ற இன்னொரு கான்ஃபரன்ஸ் இப்போது வேறு வழியில் போகிறது. அதன் உறுப்புக் கல்லூரிகளான புளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் கான்ஃபரன்ஸ் மீதே வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் சமரசம் ஆனது. அதன்படி அடிப்படை டிவி வருமானத்தில் 40 சதவீதம் எல்லோருக்கும் சமமாகப் போகும். மீதி 60 சதவீதம், ஐந்தாண்டுப் பார்வையாளர் சராசரியைப் பார்த்துப் பிரிக்கப்படும்.

கூட்டத்தை இழுப்பவருக்குக் கூடுதல் காசு என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓர் ஆட்டத்தை எத்தனை பேர் பார்ப்பார்கள் என்பது அணியின் கையில் மட்டுமா இருக்கிறது? சனிக்கிழமை இரவு நாடு முழுக்கத் தெரியும் ஏ.பி.சி. சேனலில் வரும் ஆட்டமும், மதியம் கான்ஃபரன்ஸின் தனிச் சேனலான ஏ.சி.சி. நெட்வொர்க்கில் வரும் ஆட்டமும் ஒன்றாகுமா? எந்த ஆட்டம் எங்கே என்பதில், உரிமையை வாங்கிய விளையாட்டு ஒளிபரப்பு நிறுவனமான இ.எஸ்.பி.என்.னின் கை ஓங்கியிருக்கிறது. பெரிய பெயருக்கு நல்ல நேரம், நல்ல நேரத்தால் கூடுதல் பங்கு, அந்தப் பங்கால் இன்னும் பெரிய பெயர். ஏ.சி.சி.யின் சின்னக் கல்லூரியான வேக் ஃபாரஸ்ட் இதற்குள் எப்படி நுழையும்?

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. புளோரிடா ஸ்டேட்டின் ஆதங்கம் எஸ்.இ.சி., பிக் டென் ஆகிய பணக்காரக் கான்ஃபரன்ஸ்களின் பணத்தைப் பார்த்து வந்தது. 2022–23-இல் எஸ்.இ.சி. கல்லூரிக்குச் சுமார் 5.1 கோடி டாலர், ஏ.சி.சி.யில் சராசரி 4.5 கோடி. வெளியே இருக்கும் அந்த இடைவெளிக்கு உள்ளே இருக்கும் சின்னக் கல்லூரியின் தட்டிலிருந்து எடுக்கிறார்கள்.

பிக் 12 என்ற கான்ஃபரன்ஸ் இதை ஏற்கெனவே அனுபவித்திருக்கிறது. அங்கே பாதிப் பணம் சமமாகவும், பாதி டிவியில் தோன்றும் கணக்கிலும் பிரிந்தது. போதாக்குறைக்கு அதன் பெரிய உறுப்பான டெக்சாஸ், இ.எஸ்.பி.என்.னோடு 20 ஆண்டுக்கு 30 கோடி டாலர் பேசித் தனக்கென்றே ஒரு சேனல் தொடங்கியது. 2010-இலேயே முடிவெடுத்திருந்த நெப்ராஸ்காவும் கொலராடோவும் 2011-இல், 2012-இல் மிசௌரியும் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மும் வெளியேறின. பணம் மட்டுமே காரணமில்லை, ஆனால் மனக்கசப்பில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இந்த வெளியேற்றங்களுக்கு நடுவில்தான் பிக் 12 சமப் பங்குக்கு மாறியது.

சமப் பங்கு என்று சொல்லும் இடத்திலும் எல்லாம் சமமில்லை. 2024-இல் பிக் டென்னில் சேர்ந்த ஓரிகனும் வாஷிங்டனும் குறைந்த பங்குக்குத்தான் கையெழுத்திட்டன. பழைய வீடான பாக்-12 கான்ஃபரன்ஸ் சரிந்துகொண்டிருந்தபோது பேரம் பேச அவற்றுக்கு ஏது வழி?

என் ஓட்டு சமப் பங்குக்கே. திறமைக்குத் தனிப் பரிசு வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு: ஏ.சி.சி.யே 2024–25 முதல் பிளேஆஃப் போன்ற சீசன் இறுதிப் போட்டிப் பணத்தில் பெரும்பகுதியை அதைச் சம்பாதித்த அணிக்கே தருகிறது. அது மைதானத்தில் ஜெயித்து வாங்கும் காசு.