சென்னை வீட்டு மழைநீர்: கசிவுக்குழியா, உறைகிணறா, சம்புத் தொட்டியா?

1000 சதுர அடி மொட்டை மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 9,300 லிட்டர் இறங்கும். கிட்டத்தட்ட ஒரு லாரித் தண்ணீர். அதை எங்கே விடுவது?

தண்ணீரை மண்ணுக்குள் இறங்க விடும் கசிவுக்குழிதான் மலிவு. 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது பலரும் வெட்டியது இதைத்தான். பெயருக்கு வெட்டியவையும் உண்டு. ஒரு மீட்டர் நீள அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் 1,500 லிட்டர் பிடிக்கும். முழுக்க ஜல்லி கொட்டிவிட்டால் 600 லிட்டர் தேறுவதே கஷ்டம். பெசன்ட் நகர், திருவான்மியூர் கடலோர மணலுக்கு இது போதும். விழ விழ உறிஞ்சிவிடும். வேளச்சேரிக் களிமண்ணில் அதே குழி கொசுப் பண்ணைதான்.

அங்கே உறைகிணறு பார்க்கலாம். மூன்றடி விட்டமுள்ள சிமென்ட் உறைகளை 15 அடி ஆழம்வரை இறக்கினால் களிமண்ணைத் தாண்டி மணலைத் தொட வாய்ப்புண்டு. தொடாவிட்டால் போட்ட காசு வீண். உறை வாங்குமுன் துளை போட்டு அடிமண்ணைப் பார்த்துவிடுங்கள். குழியோ கிணறோ, வீட்டுச் சுவரை ஒட்டி வேண்டாம். களிமண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும்; அஸ்திவாரம் அசைந்து சுவர் விரிசல் விடும்.

சம்பில், அதாவது தரைக்கடியில் கட்டிய தண்ணீர்த் தொட்டியில், விட்டால் மறுநாளே பயன்படுத்தலாம். வடிகட்டி வேண்டும், முதல் மழையை வெளியே விட வேண்டும்.

பழைய திறந்த கிணறு இருக்கும் வீட்டில் இந்த விவாதமே தேவையில்லை. மாடிக் குழாயைச் சின்ன வடிகட்டித் தொட்டி வழியாக அதில் இறக்கிவிடலாம். என் ஓட்டு இதற்குத்தான். மயிலாப்பூர்ப் பக்கம் அப்படிப்பட்ட கிணற்றைக் கட்டட இடிபாடு கொட்டி மூடிவிட்டு, பக்கத்திலேயே போர் போடுகிறார்கள். வயிறு எரிகிறது!

இவற்றில் எதுவும் வெள்ளத்துக்கு மருந்தல்ல. ஐப்பசியில் குடிக்கிற பூமி கார்த்திகைக் கடைசியில் குடிக்காது. தாழ்வான பகுதிகளில் நிலத்தடி நீர் மேலேறி, உறைகிணறே தளும்பும். அதனால் எதைக் கட்டினாலும் மிகுதி நீர் போக ஒரு குழாயைத் தெரு மழைநீர் வடிகாலுக்குக் கொடுத்தே ஆகவேண்டும். பிளம்பர் சுலபம் என்று பாதாளச் சாக்கடை மேன்ஹோலைக் காட்டுவார், சம்மதிக்காதீர்கள். சென்னையில் இரண்டும் தனித்தனி. நாலு வீட்டு மாடித் தண்ணீர் சாக்கடையில் இறங்கினால், கழிவுநீர் பின்வாங்கித் தரைத்தளத்துக் குளியலறையில்தான் பொங்கும்.