ஆக்சஸ் மென்பொருளில் ரெஃபரன்ஸ்களைத் தானாகச் சரிசெய்யும் வசதி: ஒரு மதிப்பீடு

மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் உருவாக்கிய தரவுத்தளத்தை வேறொரு கணினியில் நிறுவும்போது பெரும்பாலும் சிக்கல் தொடங்குமிடம், விபிஏ (ஆக்சஸில் நிரல் எழுதும் மொழி) எடிட்டரின் டூல்ஸ் மெனுவில் உள்ள ரெஃபரன்ஸ் பட்டியல்தான். நம் நிரல் பயன்படுத்தும் வெளி லைப்ரரிகளுக்கான, அதாவது எக்ஸெல் போன்ற மென்பொருள்களின் நிரல் தொகுப்புகளுக்கான, இணைப்புகளே ரெஃபரன்ஸ்கள். எக்ஸெல் 2016 லைப்ரரியைத் தேர்ந்தெடுத்துத் தயாரித்த கோப்பை எக்ஸெல் 2010 மட்டுமே உள்ள கணினியில் திறந்தால், பட்டியலில் அந்த வரி ‘மிஸ்ஸிங்’ என்று காட்டப்படும். பழைய பதிப்பிலிருந்து புதியதற்குப் போகும்போது ஆக்சஸ் தானே மாற்றிக்கொள்கிறது, எதிர்த்திசையில் மாற்றிக்கொள்வதில்லை. எக்ஸெலோடு தொடர்பே இல்லாத லெஃப்ட், டேட் போன்ற அடிப்படைச் செயற்கூறுகள்கூட அப்போது கம்பைல் பிழையில் நின்றுவிடுவதால், பழுது எங்கே என்று தெரியாமல் பலர் தவறான இடத்தில் தேடுகிறார்கள்.

இதற்கு ஆக்சஸ் தரும் மருந்து ரெஃபரன்ஸஸ் என்னும் தொகுப்பு. ஒவ்வொரு ரெஃபரன்ஸையும் இஸ்புரோக்கன் கொண்டு சோதித்து, உடைந்ததை ரிமூவ் மூலம் நீக்கி, ஆட்ஃப்ரம்கைட் மூலம் மீண்டும் சேர்க்கலாம். எக்ஸெல் லைப்ரரியின் அடையாள எண் (கைட்) பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை, 2010-க்கு 1.7, 2016-க்கு 1.9 என லைப்ரரியின் பதிப்பெண் மட்டுமே மாறுகிறது என்பதால் இந்த வழி உறுதியானது. ஆனால் சோதிக்கும் நிரலைத் தனி மாட்யூலில் வைத்து, மற்ற எதற்கும் முன்பாக ஓடச் செய்ய வேண்டும். அதில் வரும் அடிப்படைச் செயற்கூறுகளுக்கு முன் விபிஏ என்ற பெயரையும் புள்ளியையும் சேர்த்து எழுத வேண்டும். இவற்றை விட்டுவிட்டால் சரிசெய்ய வந்த நிரலே அதே பிழையில் சிக்கிக்கொள்ளும்.

பெரிய குறை வேறு. நிரலைப் பிறர் திருத்தாதிருக்க ஏசிசிடிஇ கோப்பாக மாற்றி அனுப்புவதே நம்மில் பலரின் வழக்கம்; அந்த வடிவத்தில் ரெஃபரன்ஸைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. அதாவது, எங்கே மிகவும் தேவைப்படுகிறதோ அங்கே இந்த வசதி கைகொடுப்பதில்லை.

ஆகவே எக்ஸெல், வேர்ட், அவுட்லுக் ஆகியவற்றுக்கு லேட் பைண்டிங்கையே, அதாவது ரெஃபரன்ஸ் இல்லாமல் நிரல் ஓடும்போதே இணைக்கும் முறையையே, நான் பரிந்துரைக்கிறேன். எழுதும் காலத்தில் ரெஃபரன்ஸை வைத்துக்கொண்டு, அனுப்புமுன் நீக்கிவிட்டு, கிரியேட்ஆப்ஜெக்ட் வழியாக அழைத்தால் போதும். எக்ஸெலின் எக்ஸ்எல்அப் போன்ற மாறிலிகளின் பெயர்கள் அப்போது செல்லாததால் அவற்றுக்கு -4162 என்று எண்ணையே எழுத வேண்டியிருப்பது சிறு தொல்லைதான், ஆனாலும் தாங்கக்கூடியது. படிவத்தில் பதிக்கும் ஓசிஎக்ஸ் கட்டுப்பாடுகளுக்கு (நாட்காட்டி போன்று தனிக் கோப்பாக வரும் கூறுகளுக்கு) மட்டும் இந்த வழி உதவாது. அவற்றை நிறுவிப் பதிவுசெய்யும் பொறுப்பை நிறுவல் நிரலிடமே ஒப்படைக்க வேண்டும்.