“மானிடோபாவில் எங்களுக்குக் கோட்டா இருக்கு” என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்

டொராண்டோ பக்கம் ஒரு குடிவரவு கன்சல்டன்சியிடம் 4,500 டாலர் கட்டினேன். பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) வரவில்லை என்பதோடு போயிருந்தால் பரவாயில்லை. கனடாவுக்கு ஐந்து வருடம் பி.ஆர். விண்ணப்பமே போட முடியாத தடையில் என்னைத் தள்ளிவிடப் பார்த்தார்கள். நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது. தவிர, இதே பேச்சைப் பேசுகிற கடைகள் நிறைய இருக்கின்றன. பெயர் தெரிந்து ஒன்றைத் தவிர்த்தால் இன்னொன்றில் போய் நிற்பீர்கள்.

என் நிலைமை இங்கே படிக்க வந்த பலருடைய நிலைமைதான். ஒன்டாரியோவில் படிப்பு, அப்புறம் போஸ்ட் கிராஜுவேஷன் ஒர்க் பர்மிட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் புக்கீப்பர் வேலை. அந்த பர்மிட் வாழ்நாளில் ஒரு தடவைதான் கிடைக்கும். பாயிண்ட் போட்டு பி.ஆருக்கு ஆட்களை அழைக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் என் பாயிண்ட் 470ஐ ஒட்டி நின்றது. கனடிய அனுபவம் உள்ளவர்களை அழைக்கும் சுற்றுகளில், அதாவது டிராக்களில், தேவைப்பட்ட பாயிண்டோ 2025இல் 500க்குக் கீழே இறங்கவே இல்லை. வேலை ஆஃபருக்குக் கொடுத்துவந்த 50 பாயிண்டையும் அந்த வருடம் மார்ச் 25இல் எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது மாகாண நாமினேஷன். ஒரு மாகாணம் உங்களைத் தேர்ந்தெடுத்தால் 600 பாயிண்ட் கூடும், அடுத்த டிராவில் அழைப்பு கிட்டத்தட்ட நிச்சயம். இந்த 600ஐத்தான் அவர்கள் விற்கிறார்கள்.

“தம்பி, ஒன்டாரியோவை மறந்துடுங்க. மானிடோபாவுல எங்களுக்குக் கோட்டா இருக்கு. உங்க மாதிரி ஆளுங்களுக்கு மாசாமாசம் எடுத்துக் கொடுத்துட்டு இருக்கோம்.” இதுதான் முதல் பேச்சு. மொத்தம் 9,000 டாலர், பாதி முன்பணம்.

கோட்டா உண்மையிலேயே உண்டு, ஆனால் அது மாகாண அரசுக்கு. இந்தத் திட்டத்தில் இருக்கிற ஒவ்வொரு மாகாணமும் வருடத்துக்கு எத்தனை பேரை நாமினேட் செய்யலாம் என்று ஒட்டாவா, அதாவது மத்திய அரசு, சொல்லும். அதிலிருந்து ஆளைப் பொறுக்குவது மாகாண அதிகாரிகள். கன்சல்டன்ட், வக்கீல், எம்.பி. அலுவலகம் என்று யார் கையிலும் ஓர் இடம்கூடக் கிடையாது. போதாக்குறைக்கு, 2025க்கான திட்டத்தில் மாகாண நாமினி இலக்கை 1,10,000இலிருந்து 55,000ஆகப் பாதியாக வெட்டியிருந்தார்கள். மாகாணங்களே கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரத்தில் இவர் என்னிடம் ‘கோட்டா’ விற்றுக்கொண்டிருந்தார்.

மானிடோபாவின் முறையே வேறு. உங்கள் படிப்பு, மொழி, அனுபவத்தோடு அந்த மாகாணத்தோடு உங்களுக்கு என்ன தொடர்பு என்பதையும் பார்ப்பார்கள். அங்கே குடியிருக்கும் நெருங்கிய உறவினர், முன்பு அங்கே படித்தது, வேலை பார்த்தது, இப்படி ஏதாவது. முதலில் ஆன்லைனில் ஆர்வம் தெரிவிக்கும் விண்ணப்பம் போட வேண்டும். எல்லாரும் இ.ஓ.ஐ. என்பது அதைத்தான். அதற்குக் காசே கிடையாது. அழைப்பு வந்து முழு விண்ணப்பம் போடும்போதுதான் மாகாணத்துக்கு 500 டாலர். என் முன்பணம் இந்த இலவச விண்ணப்பத்துக்குத்தான் போனது.

போட்டுவிட்டோம் என்றார்கள். என்ன போட்டீர்கள் காட்டுங்கள் என்றால், “அது எங்க சிஸ்டத்துல இருக்கு, வெளிய அனுப்ப முடியாது”. விண்ணப்பத்துக்கு என்று ஒரு மின்னஞ்சலை அவர்களே உருவாக்கியிருந்தார்கள். பாஸ்வேர்டும் அவர்களிடம். விடாமல் கேட்டதில் ஒரு நாள் இரவு பி.டி.எஃப். ஒன்று வந்தது.

அதில் என் வேலைக்கு என்.ஓ.சி. (கனடாவின் வேலை வகைக் குறியீடு) 11100 என்று இருந்தது. அது ஆடிட்டர், அக்கவுன்டன்ட் வகை. நான் செய்வது 12200, புக்கீப்பிங். சரி, தெரியாமல் போட்டிருப்பார்கள் என்று அடுத்த பக்கம் போனால், ‘நெருங்கிய உறவினர்’ என்ற இடத்தில் தாய்மாமன் ஒருவர் வின்னிபெக்கில் உட்கார்ந்திருந்தார். பெயர், தெரு, ஆர்2இல் தொடங்கும் போஸ்டல் கோடு எல்லாம் கச்சிதம். என் அம்மாவோடு பிறந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள்.

கேட்டேன். குரலில் ஒரு சலனமும் இல்லை. “எல்லாரும் போடுறதுதான் தம்பி. அங்க நம்ம ஆள் ஒருத்தர் மாமான்னு கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அவருக்கு மட்டும் 3,000 தனி.”

கனடிய குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவு பொய்த் தகவல் பற்றியது. மாட்டினால் ஐந்து வருடம் நாட்டுக்குள் அனுமதி இல்லை, அந்தக் காலத்தில் பி.ஆர். விண்ணப்பமும் போட முடியாது. தடை விழுவது விண்ணப்பதாரர் மேல்தான். “கன்சல்டன்ட் போட்டார், எனக்குத் தெரியாது” என்று சொல்லித் தப்பிப்பது ரொம்பக் கஷ்டம், ஏனென்றால் கீழே இருக்கிற கையெழுத்து உங்களுடையது. நாமினேஷன் கிடைத்த பிறகு, ஏன் பி.ஆர். கிடைத்த பிறகும்கூட இதைத் தோண்டி எடுக்கலாம்.

அவர்களை நம்பக் காரணமாக இருந்ததே விசிட்டிங் கார்டில் இருந்த லைசென்ஸ் எண். ஆர் என்ற எழுத்து, பின்னால் ஆறு இலக்கம். குடிவரவு கன்சல்டன்ட்களை முறைப்படுத்தும் கல்லூரி ஒன்று 2021 நவம்பரிலிருந்து இயங்குகிறது. பெயர்தான் கல்லூரி, வகுப்பெல்லாம் கிடையாது. அதன் பொதுப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் தேடலாம். எண்ணைப் போட்டேன், உயிரோடு இருக்கிற லைசென்ஸ்தான். ஆனால் வேறு ஒருவருடையது, வேறு ஊரில். அவருக்கு மெயில் போட்டபோது, இந்த அலுவலகத்தின் பெயரையே கேள்விப்பட்டதில்லை என்று பதில் வந்தது. ஆகவே எண் செல்லுமா என்று மட்டும் பார்க்காதீர்கள். அந்த எண்ணுக்கு எதிரே இருக்கிற பெயரும் உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறவரும் ஒரே ஆளா என்று பாருங்கள். என் எதிரே இருந்தவர் தன்னைக் ‘கேஸ் மேனேஜர்’ என்றுதான் எப்போதும் சொல்லிக்கொண்டார்.

காசு வாங்கிக்கொண்டு இந்த ஆலோசனை சொல்ல வக்கீல்கள், லைசென்ஸ் உள்ள கன்சல்டன்ட்கள் என்று சிலருக்குத்தான் சட்டத்தில் இடம். அப்படிப்பட்டவர், உங்கள் பிரதிநிதி நான்தான் என்று படிவத்தில் கையெழுத்துப் போடுவார். ஒட்டாவாவுக்கான படிவம் ஐ.எம்.எம். 5476. “நீங்களே போட்ட மாதிரி இருக்கட்டும் தம்பி, அதுதான் சேஃப்” என்று என்னிடம் சொன்னார்கள். சேஃப் யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை.

இதே அலுவலகம் என் சித்தப்பா மகனையும் விடவில்லை. ஊரில் சொந்தத் தொழில் செய்கிறவன், கையில் கொஞ்சம் சேமிப்பு. சஸ்காச்சுவானில் தொழில்முனைவோர் பிரிவு, 15,000 முன்பணம், பணம் போட்டால் போதும், நீங்கள் டொராண்டோவிலேயே இருக்கலாம் என்றார்கள். பேச்சு நடந்தது 2025 கோடையில். சஸ்காச்சுவான் அந்தப் பிரிவை 2025 மார்ச்சிலேயே நிரந்தரமாக மூடிவிட்டது. மாகாணத்தின் இணையதளத்தைத் திறந்தாலே தெரிகிற விஷயம்.

‘பணம் போட்டால் போதும்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அப்படி நடந்தது. பிரின்ஸ் எட்வர்ட் தீவில் 2,00,000 டாலர் டெபாசிட் கட்டிவிட்டு முதலிலேயே பி.ஆர். வாங்க முடிந்தது. பலர் கடையும் திறக்காமல், தீவிலும் இருக்காமல், டெபாசிட் போனால் போகட்டும் என்று பெரிய நகரங்களுக்குப் போய்விட்டார்கள். 2018இல் தீவு அந்த முறையை நிறுத்தியது. இப்போது தொழில்முனைவோர் வழி வைத்திருக்கும் மாகாணங்களில் பெரும்பாலும் முதலில் தற்காலிக ஒர்க் பர்மிட்தான். அங்கே போய்க் குடியிருந்து, ஒப்பந்தத்தில் சொன்னபடி தொழிலை நீங்களே நின்று நடத்திக் காட்டிய பிறகுதான் நாமினேஷன். பிரிட்டிஷ் கொலம்பியாவின் சிற்றூர்களுக்கான பிரிவில், விண்ணப்பம் போடும் முன்பே அந்த ஊருக்கு நேரில் போய்ப் பார்த்துவர வேண்டும். டொராண்டோவில் உட்கார்ந்துகொண்டு நடக்கிற காரியம் இல்லை.

எனக்கு மானிடோபா கசந்துவிட்டது என்று தெரிந்ததும் டிம்மின்ஸைக் கொண்டுவந்தார்கள். வடக்கு ஒன்டாரியோ. 2025 ஜனவரியில் அறிவித்த கிராமப்புறக் குடிவரவுப் பைலட் திட்டத்தில் இருக்கிற 14 இடங்களில் ஒன்று. “மோட்டல்ல வேலை, 25,000 டாலர், ஆறு மாசத்துல முடிச்சிடலாம்.” திட்டம் நிஜம், ஊரும் நிஜம். ஆனால் அதில் ஆள் எடுக்கும் முதலாளியை அந்த ஊர் அமைப்பு முன்கூட்டியே அங்கீகரித்திருக்க வேண்டும். வேலையை விலைக்கு விற்பதற்கு எந்தத் திட்டத்திலும் இடமில்லை. முதலாளியின் பெயரைக் கேட்டேன். முன்பணம் கட்டினால் சொல்கிறேன் என்றார்.

பணம் திரும்ப வரவில்லை. ரசீதின் அடியில் பொடி எழுத்தில் ‘ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது’. வங்கியிலும் கையை விரித்தார்கள், ஏனென்றால் கார்டு வேண்டாம், வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்பும் இன்டராக் இ-டிரான்ஸ்ஃபர்தான் என்று முதலிலேயே கறாராகச் சொல்லி வாங்கியிருந்தார்கள். பழைய ரெக்கார்டைத் திறந்து பார்த்தபோது பணம் போய்ச் சேர்ந்தது கம்பெனி பெயருக்கே இல்லை, ஒரு தனி ஆளின் பெயருக்கு. பணம் நேராகக் கணக்கில் ஏறும் ஆட்டோ-டெபாசிட் என்றால், அனுப்பும்போதே திரையில் அந்தப் பெயர் தெரியும், கவனித்துப் பாருங்கள். வக்கீல் மூலம் கடிதம் போனதும், எங்கேயும் புகார் செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் 1,500 தருவதாகச் சொன்னார்கள். எழுதிக் கொடுக்கவில்லை. கல்லூரியில் புகார் செய்திருக்கிறேன், ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் வழக்கும் போட்டிருக்கிறேன்.

ஏற்கெனவே இப்படிப்பட்ட இடத்தில் பணம் கட்டியிருக்கிறவர்கள் பணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் உங்கள் பெயரில் என்ன போயிருக்கிறது என்று பாருங்கள். பாஸ்வேர்ட் தரமாட்டேன் என்றதால் நான் பாஸ்போர்ட் பிரதியோடு மானிடோபா அலுவலகத்துக்கே நேரடியாக எழுதினேன். அழைப்பு வரும் முன்பே அந்த இ.ஓ.ஐ.யை ரத்து செய்துவிட்டார்கள். ஒட்டாவாவிடம் என்ன போயிருக்கிறது என்பதை நீங்களே கேட்டு வாங்கலாம். தகவல் அறியும் சட்டத்தில் கேட்டால் 5 டாலர், தனியுரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால் அதுவும் இல்லை. பதில் வரும் மின்னஞ்சல் முகவரியாக அவர்கள் உருவாக்கிக் கொடுத்ததைப் போட்டுவிடாதீர்கள், உங்கள் சொந்த முகவரியைப் போடுங்கள்.