உப்புக்காற்று ஊரில் பழைய ஜேர்மன் கார்: 123ஆ, 124ஆ, ஈ30ஆ?

மட்டக்களப்பில் பழைய ஜேர்மன் கார் ஒன்றை எடுத்துப் பொழுதுபோக்காகத் திருத்த நினைப்பவர் கடைசியில் மூன்றில் ஒன்றில்தான் வந்து நிற்பார்: 1976 முதல் 85 வரை விற்ற பென்ஸ் டபிள்யூ 123, அதற்கு அடுத்து 1995 வரை வந்த டபிள்யூ 124, 1982இல் வந்த பி.எம்.டபிள்யூ ஈ30. ஓட்டுவதற்கு எது சிறந்தது என்பதல்ல இங்கே கேள்வி. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வைத்து, ஊர்க் கராஜை நம்பி, சாமானைக் கொழும்பு உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பித்து, எதை வேலை முடித்து றோட்டில் இறக்கலாம் என்பதுதான்.

எஞ்சினைப் பார்க்க முன்னர் பொடியை, அதாவது காரின் தகட்டு உடலைப் பாருங்கள். கல்லடி, நாவற்குடா, காத்தான்குடிப் பக்கம் வெளியில் நின்ற காரும், உகணைப் பக்கம் கொட்டகைக்குள் நின்ற காரும் ஒரே வருடத்தில் செய்யப்பட்டிருந்தாலும் ஒன்றல்ல. 123இல் ஜக் வைக்கும் இடங்கள், முன் மட்கார்ட்டின் பின் விளிம்பு, பற்றரித் தட்டின் அடி, பின் கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகள், டிக்கியின் ஸ்பெயார் வீல் குழி ஆகியவைதான் முதலில் போகும். முன் கண்ணாடிக்குக் கீழுள்ள வடிகால் இலைதழையால் அடைபட்டால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, கால் வைக்கும் தகட்டை அரிக்கும். கார்ப்பெட்டைத் தூக்கிக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். 1989க்குப் பிந்திய 124இன் பக்கங்களில் வரும் பிளாஸ்ரிக் பலகைகள் பார்க்க வடிவுதான், ஆனால் ஜக் துளைகள் கறளில் கரைந்து நிற்பது அவற்றுக்குப் பின்னால்தான். அதைக் கழற்றிப் பார்க்க விடாதவரிடம் விலை பேச வேண்டாம். ஈ30இல் சன்ரூஃப் விளிம்பு, பின்விளக்குகளின் அடி, ஜக் இடங்கள்.

மீன்பிடிப் படகுக்கு ஃபைபர் போடுகிறவர்கள் இங்கே தாராளம். அதனால் கறள் ஓட்டையில் கண்ணாடி நாரும் ரெசினும் ஒட்டி, மேலே பட்டி இழுத்து, பளபளவென்று பெயின்ட் அடித்த கார்களும் தாராளம். காந்தம் பிடிக்காத இடத்தில் தகடு இல்லை. ஃபைபருக்குப் பின்னால் ஈரம் தேங்கி, சுற்றியுள்ள நல்ல தகட்டையும் கொண்டுபோகும். நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, பேனலுக்கு 0.8 முதல் 1 மி.மீ. தகடு, ஜக் இடத்துக்குச் சற்றுத் தடிப்பானது வைத்து மிக் வெல்டிங் செய்ய வேண்டும். ஒரே இழுப்பில் ஓட்டாமல் 20 மி.மீ. அளவான துண்டு துண்டாக, இடம் மாற்றி மாற்றி. காஸ் வெல்டிங்கின் சூட்டில் தகடு நெளிந்துவிடும், பிறகு நெளிவை மறைக்கப் பட்டிதான் தடிக்கும். வெல்டிங் முடிந்ததும் இபொக்சி பிரைமர், பெயின்ட்டுக்குப் பிறகு பெட்டிபோல மூடிய தகட்டுப் பகுதிகளின் உள்ளே மெழுகு. இந்த மெழுகைத்தான் முக்கால்வாசிப் பேர் தவிர்க்கிறார்கள், உப்புக்காற்றுக்கு முக்கியமானதும் அதுதான்.

பொடி சமமென்றால் எங்கள் தெரிவு 123இன் டீசல் மாடலான 240டி. இதற்குக் காரணம் பென்ஸ் பக்தி அல்ல. உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் ஓடுகிற மாவட்டங்களில் டீசல் பம்ப் ரூம் (டீசல் பம்பும் நொசிலும் திருத்தும் கராஜ்) தேடி அலைய வேண்டியதில்லை. 240டியில் உள்ள ஓஎம் 616 எஞ்சினின் பொஷ் பம்பும் நொசிலும் அங்குள்ளவர்கள் கைக்குப் பழகியவை. நொசில் திறக்கும் அழுத்தம் புதிதில் 115 பார் அளவு, 100க்குக் கீழே போனால் மாற்ற வேண்டியதுதான். எஞ்சின் சூட்டில் கொம்ப்ரஷன் 22 முதல் 24 பார் இருந்தால் நல்லது. நான்கு சிலிண்டருக்கும் இடையில் வித்தியாசம் 3 பாரைத் தாண்டக் கூடாது. வால்வு இடைவெளி எஞ்சின் குளிர்ந்த நிலையில் உள்வால்வுக்கு 0.10, வெளிவால்வுக்கு 0.30 மி.மீ. காலையில் ஸ்டார்ட் எடுக்காமல் இழுப்பதற்கு குளோ பிளக்கைக் குற்றம் சொல்ல முன்னர் இதைச் சரிபாருங்கள்.

அதன் தலைவலி வெற்றிடக் குழாய்கள். கதவுப் பூட்டும் எஞ்சின் நிறுத்தமும் ஒரே வெற்றிடத்தில் வேலை செய்வதால், ஒரு கதவின் ரப்பர் கிழிந்தாலும் சாவியைத் திருப்பிய பிறகு எஞ்சின் ஓடிக்கொண்டே நிற்கும். பூட்டுக்குப் போகும் கிளையைக் கழற்றி ஆணியால் அடைத்துப் பாருங்கள். எஞ்சின் நின்றால் கசிவு கதவுப் பக்கம். நிற்காவிட்டால் பம்பில் உள்ள நிறுத்த வால்வைப் பாருங்கள், அதன் சவ்வு கிழிந்தால் எஞ்சின் ஒயில் குழாய் வழியே சாவி சுவிட்ச் வரை ஏறும். அதுவரை பொனட்டைத் திறந்து, பம்பில் உள்ள ஸ்டொப் நெம்புகோலை அழுத்தி நிறுத்தலாம். 240டியின் இன்னொரு குறை வேகம். ஏ.சி. போட்டால் இருக்கிற 72 குதிரையிலும் சில அதற்கே போய்விடும்.

124 ஓட்டத்துக்கு மிக மேல். ஐந்து கம்பிப் பின் சஸ்பென்ஷனின் அமைதி 123இல் கிடையாது. டீசல் எஞ்சின்களில் வால்வு இடைவெளி பார்க்கும் வேலையும் இல்லை. ஆனால் அவற்றின் வெற்றிடப் பம்பின் பெயரிங் உடைந்தால் துண்டுகள் டைமிங் செயினுக்குள் விழும். பழைய பம்பென்றால் சத்தம் வர முன்னரே மாற்றுங்கள். 1992 முதல் 95 வரையான பெற்றோல் மாடல்களில் வயர் உறை காய்ந்து உதிரும். இன்ஜெக்டர் அருகே ஒரு வயரை மெதுவாக வளைத்துப் பாருங்கள். வெடித்தால் முழு ஹார்னெஸின் (வயர்க் கட்டின்) செலவையும் விலையில் கழியுங்கள்.

ஈ30 மொடிஃபை செய்ய ஆசைப்படுகிறவர்களின் கார், மூன்றிலும் லேசானது. டைமிங் செயின் உள்ள எம்10 எஞ்சின் (பழைய 316, 318ஐ) கிடைத்தால் நிம்மதி. ஆறு சிலிண்டர் எம்20இல் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வு வளையும். பெல்ட் மாற்றிய ஆதாரம் இல்லையா, பெல்ட், டென்ஷனர், வோட்டர் பம்ப் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டுத்தான் கொழும்பு றோட்டில் ஏறலாம். பிந்திய எம்40இல் கம்ஷாஃப்ட் தேயும். மீற்றருக்குள் இருக்கும் சின்னப் பற்றரிகள் கசிந்து சர்க்கிட் போர்டைத் தின்பதும் இந்தக் காரின் வழக்கம்.

ரிம் விஷயத்தில் ஈ30 ஏமாற்றும். 4×100 (100 மி.மீ. வட்டத்தில் நான்கு போல்ட்) என்பதால் ஜப்பான் ரிம் எல்லாம் பொருந்தும் என்பார்கள். ஈ30இன் நடுத்துளை 57.1 மி.மீ., டொயோட்டாவின் துளை 54.1, ஹொண்டாவினது 56.1. கடைந்து பெருப்பிக்காமல் ஹப்பில் உட்காராது. பென்ஸ் இரண்டும் 5×112, துளை 66.6. ஆனால் 124இன் 15 அங்குல ரிம்மை 123க்குப் பூட்டினால் அது உள்ளே தள்ளி நிற்கும். ஸ்பேசர் வேண்டும், ஸ்பேசரின் தடிப்பளவு நீளம் கூடிய போல்ட்டும் வேண்டும். டயருக்காக அந்தச் சிரமம் தகும். 123இன் 195/70 ஆர்14ஐத் தேட வேண்டும், 195/65 ஆர்15 எந்தக் கடையிலும் உண்டு, விட்டத்தில் வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

உயரத்தைக் குறைக்க ஸ்பிரிங் வெட்ட வேண்டாம். 124இன் ஸ்பிரிங் ரப்பர்கள் 8, 13, 18, 23 மி.மீ. தடிப்பில் வருகின்றன. மெல்லியதை மாற்றினால் போதும், பிடிக்காவிட்டால் திரும்பப் போடலாம். முன் ஸ்பிரிங்கைக் கழற்ற உள்ளே விடும் தட்டு வகை ஸ்பிரிங் கம்ப்ரஸர்தான் வேண்டும், வெளியே கொளுவும் வகை நழுவினால் கை போகும்.

பெயின்ட் வேலையைப் பெப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் வையுங்கள். வாடையின் ஈரத்தில் பெயின்ட் பால் பூக்கும், கச்சான் காற்றில் தூசி ஒட்டும். நிறத்தையோ எஞ்சினையோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். முற்பணம் கொடுக்க முன்னர் எஞ்சின், செசி இலக்கங்களைப் பதிவுப் புத்தகத்தோடு நேரில் ஒப்பிடுங்கள். செசி இலக்கம் அடித்த தகட்டில் கறள் இருந்தால், வெட்டாமல் தேய்த்து மட்டும் எடுக்க வேண்டும்.