முன் ஆக்சில் ரீகால்: ஆட்டமே இல்லாத வண்டியில் இருந்த விரிசல்

இந்தப் பத்துச் சக்கர வண்டியை நான் செகண்ட் ஹேண்டில் வாங்கி நாலரை வருடம் ஆகிறது. வாங்கும்போது மீட்டரில் 2,10,000 கி.மீ. இருந்தது, இப்போது 5,40,000 தாண்டிவிட்டது. இன்ஜினிலும் கியர் பாக்ஸிலும் பெரிய செலவு வைக்கவில்லை. கிளட்ச் ஒரு முறை, முன் பட்டையில் (ஸ்பிரிங்) மெயின் பிளேட் ஒரு முறை, அவ்வளவுதான். அதனால் இந்தப் பதிவு முழுக்க முன் ஆக்சில், அதாவது இரண்டு முன் சக்கரங்களையும் தாங்கும் பாகம், பற்றியதுதான்.

ரீகால், அதாவது தயாரிப்புக் குறைக்காகக் கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பது, வந்த விஷயமே எனக்குத் தெரியாது. கம்பெனி அனுப்பிய கடிதம் முதல் ஓனர் விலாசத்துக்குப் போயிருக்கிறது. லோடுக்கு வரிசையில் நின்றபோது, இதே மாடல் ஓட்டும் ஒருவர் என் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “முன் ஆக்சில் மாத்தியாச்சா அண்ணே?” என்று கேட்டார். எதுக்கு என்று கேட்டேன். அவர் சொல்லித்தான் தெரிந்தது.

கம்பெனி தளத்தில் சேசிஸ் நம்பரைப் போட்டுப் பார்க்க வேண்டும். பேப்பரில் இருந்த நம்பரைப் போட்டேன், ஏற்கவில்லை. பிறகு பிரேமில் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தியிருக்கும் நம்பரை, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுப் படித்தேன். மொத்தம் 17 இடம். அதில் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்தும் வராது. ஓ மாதிரி தெரிந்தால் அது பூஜ்யம்தான். நான் அங்கேதான் தப்பு செய்திருந்தேன். சரியாகப் போட்டதும் சிவப்பில் வந்தது: முன் ஆக்சில் பீமில் தயாரிப்புக் குறை, ஓட்டத்தில் முறிய வாய்ப்பு, உடனே பரிசோதனைக்குக் கொண்டுவரவும். பீம் என்பது ஆக்சிலில் குறுக்கே போகும் கனமான இரும்பு.

உண்மையைச் சொல்கிறேன், நான் உடனே போகவில்லை. அன்று ராத்திரியே பீமுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தூக்கினேன். மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். கிளீனரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினேன். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் தேய்ந்தது சக்கரம் சுழலும் ஹப் பேரிங், மிதித்த பிறகும் ஆடினால் சக்கரம் இடம் வலம் திரும்பும் முளையான கிங் பின் அல்லது அதன் புஷ். பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் டை ராடு எண்ட், அதாவது இரண்டு முன் சக்கரத்தையும் சேர்ந்து திருப்பும் கம்பியின் முனை, தேய்ந்திருப்பது தெரியும். எதிலும் ஆட்டம் இல்லை. டயர் தேய்மானமும் சீராக இருந்தது, ஸ்டீயரிங் இழுக்கவில்லை. நம்ம வண்டி நல்லா இருக்கிறது, இந்த நடையை முடித்துவிட்டுப் பார்ப்போம் என்று முடிவே செய்துவிட்டேன்.

நிறுத்தியவர் எனக்குப் பல வருடமாக வேலை பார்க்கும் மெக்கானிக். போனில் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: “ஆட்டம் வந்து கிங் பின்னைப் பத்திச் சொல்லும் தம்பி. பீம்ல விரிசல் விட்டிருந்தா அது ஒண்ணுமே சொல்லாது. லோடு ஏத்தாதே.”

இதை எழுதக் காரணமே அந்த ஒரு வார்த்தைதான். நாம் தெரிந்து வைத்திருக்கும் சோதனை எல்லாம் தேய்மானத்தைக் கண்டுபிடிக்கத்தான். கிங் பின் தேயும்போது சத்தம் போடும், டயரைக் கடிக்கும், கை நடுங்கும். விரிசல் விட்ட பீம் அப்படி இல்லை. பாதி அறுந்த நிலையிலும் அது வளையாமல் சக்கரத்தை நேராகவே பிடித்திருக்கும், முறிகிற நிமிஷம் வரைக்கும்.

வண்டியின் எடை பட்டை வழியாகப் பீமின் மேல் கீழ்நோக்கி அழுத்துகிறது. இரண்டு முனையிலும் சக்கரங்கள் அதை மேலே தாங்குகின்றன. அதனால் பீமின் மேல்பக்கம் நசுங்கப் பார்க்கும், அடிப்பக்கம் இழுபடும். இரும்பில் விரிசல் இழுபடும் பக்கத்தில்தான் வளரும். பிரேக் மிதிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் இழுப்பு இன்னும் கூடும். ஒவ்வொரு பள்ளமும் ஒவ்வொரு பிரேக்கும் அந்த விரிசலை ஒரு நூல் முன்னே தள்ளும். சேறும் கிரீஸும் அப்பி, யாரும் குனிந்து பார்க்காத இடமும் அதே அடிப்பக்கம்தான்.

காலி வண்டியாக, வேகம் கூட்டாமல், சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். இழுவை வண்டி கேட்டிருந்தால் அனுப்பியிருப்பார்கள் என்று அங்கே போன பிறகுதான் சொன்னார்கள். நீங்கள் முதலிலேயே கேளுங்கள்.

பரிசோதனையை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பீமைக் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, இரண்டு கால் வைத்த கைக் காந்தம் ஒன்றைப் பீமின்மேல் வைத்து, இரும்புத் தூள் கலந்த திரவத்தைத் தெளித்தார்கள். தார்ப்பாய் போட்டு இருட்டாக்கி, புற ஊதா விளக்கைக் காட்டினார்கள். பீம் முழுக்க ஊதா நிறமாகத் தெரிந்தது. இடது பட்டை உட்காரும் மேடைக்கு உள்பக்கம், அடியில், சுண்டுவிரல் நீளத்துக்குப் பச்சையாக ஒரு கோடு மின்னியது. விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்தார்கள். அதே இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. விரலால் தடவினேன், விரலுக்கும் தட்டுப்படவில்லை. அந்த வண்டியில்தான் மனைவியையும் மகனையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறேன். கொஞ்ச நேரம் வெளியே போய் உட்கார்ந்துவிட்டேன்.

என்ன குறை என்று கேட்டதற்கு இன்ஜினீயர் பொறுமையாக விளக்கினார். பழுக்கக் காய்ச்சிய இரும்பை டை எனும் அச்சில் அடித்துப் பீம் செய்யும்போது, சில சமயம் மேல் தோல் மடிந்து உள்ளே அமுங்கிவிடும். பார்க்க ஒட்டியது போல இருக்கும், ஆனால் ஒட்டியிருக்காது. அந்த மடிப்பு நுனியில்தான் விரிசல் தொடங்கும். குறிப்பிட்ட அச்சில் குறிப்பிட்ட காலத்தில் அடித்த பீம்களில் மட்டும் இது நேர்ந்ததால்தான் எல்லா வண்டிக்கும் ரீகால் இல்லை. என் வண்டிக்கு அடுத்த மாதம் வெளிவந்த வண்டி பட்டியலில் இல்லை.

புது ஆக்சில் வர 19 நாள் ஆனது. வேலை இலவசம், நின்ற நாளுக்கு ஈடு எதுவும் இல்லை. இதில் எனக்கு இன்னும் வருத்தம்தான். குறை அவர்களுடையது, நாள்கணக்கில் வருமானம் போனது எனக்கு. எழுத்தில் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.

மாற்றிய பிறகும் உடனே நிம்மதி வரவில்லை. முதல் நடையிலேயே ஸ்டீயரிங் திரும்பி நடுவுக்கு வரவில்லை, நேர் ரோட்டில் வண்டி அலைந்தது. அலைன்மென்ட் பார்த்தோம் என்றார்கள், ஆனால் பார்த்தது டோ, அதாவது இரண்டு முன் சக்கரமும் நேராகப் பார்க்கிறதா என்பது, மட்டும். என் மெக்கானிக் படுத்துப் பார்த்துவிட்டு, பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் வைக்கும் ஆப்புத் தகட்டை இரண்டு பக்கமும் முன்பின்னாக மாற்றி வைத்திருக்கிறார்கள் என்றார். தகடு திரும்பினால் கேஸ்டர் (கிங் பின் பின்னால் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்துவிடும், ஸ்டீயரிங் தானாக நேராகாது. மறுபடி கொண்டுபோய்ச் சரிசெய்தேன். பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் பழசையே போட்டிருந்தார்கள், அதையும் புதிதாகப் போடச் சொன்னேன். ஒரு தடவை முறுக்கேறிய யூ போல்ட்டை மறுபடி நம்ப முடியாது. முதல் 100 கி.மீ.க்குள் வீல் நட்டு, யூ போல்ட் நட்டு இரண்டையும் டார்க் ரெஞ்சில் (முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனர்) மறுபடி முடுக்கினேன், இரண்டு நட்டு கால் சுற்று வாங்கியது.

அதன் பிறகு 1,60,000 கி.மீ. ஓடியாகிவிட்டது. முன் டயர் ஒரு செட் முழுசாகத் தேய்ந்து மாற்றினேன், உள் விளிம்பும் வெளி விளிம்பும் ஒரே அளவில் இருந்தன. கிங் பின் புஷ் இன்னும் மாற்றவில்லை. ஸ்டீயரிங் பழைய ஆக்சிலைவிட லேசாகவே இருக்கிறது. ஓட்டத்தைப் பொறுத்தவரை முழுத் திருப்தி.

பழைய பீமை அவர்கள் வண்டியோரமாகப் போட்டிருந்தார்கள். அது பழைய இரும்புக் கடைக்குப் போய், பெயின்ட் அடித்து, இன்னொருவர் வண்டிக்கு ஏறிவிடுமோ என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்படி ஏறினால் அந்த வண்டியின் சேசிஸ் நம்பரைப் போட்டால் ரீகால் காட்டாது, ஏனென்றால் பட்டியலில் இருப்பது வேறு வண்டி. பழைய ஆக்சில் வாங்கிப் போட்டவர்கள் ஆக்சிலிலேயே அடித்திருக்கும் தகட்டு நம்பரையும் படித்துக் கொடுத்துக் கேளுங்கள். என் பீமை என் கண் முன்னால் வெட்டச் சொன்னேன். கேஸ் கட்டர் வைத்து இரண்டாக அறுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் சாவியை வாங்கினேன்.