இலவசச் சட்டத்தரணி கிடைத்த பிறகு: மட்டக்களப்பு, அம்பாறை சட்ட உதவிச் சேவை பற்றி ஒரு மதிப்பீடு

மகனோ கணவனோ விளக்கமறியலில். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் கையில் காசில்லை. இந்த நிலையில் இருக்கும் குடும்பத்துக்கு நம் இரண்டு மாவட்டங்களிலும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையங்கள். மற்றது, மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை கையளிக்கப்படும் நாளில், தனக்குச் சட்டத்தரணி இல்லை என்று எதிரி (குற்றஞ்சாட்டப்பட்டவர்) சொன்னால் நீதிபதி அரச செலவில் நியமித்துக் கொடுப்பவர். இரண்டுமே பயன்படுத்த வேண்டிய சேவைகள். வசதியில்லாதவருக்கு நீதிக்குத் தேவையான இடத்தில் கட்டணமின்றிச் சட்ட உதவி என்பது 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க, குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டத்தில் எழுதப்பட்ட உரிமை. அதைக் கேட்டு வாங்க யாரும் கூச்சப்படத் தேவையில்லை.

ஆனால் இப்படிப்பட்ட சேவையை மதிப்பிட வருகிறவர்கள் பெரும்பாலும் சட்டத்தரணி எப்படிப் பேசினார் என்பதோடு நின்றுவிடுகிறார்கள். எங்கள் அளவுகோல் வேறு. கோவை யார் கையில் இருக்கிறது, அடுத்த தவணை யாருடைய டயறியில் இருக்கிறது, சிறைச்சாலைக்கு யார் போய்ப் பார்த்தார்கள், அந்தப் பொறுப்பு முழுவதையும் அலுவலகத்தில் ஒரு மூத்த அதிகாரி தன் தலையில் எடுத்திருக்கிறாரா? இலவச வழக்குகள் தோற்கும் இடங்களில் பெரும்பாலானவை இங்கேதான் இருக்கின்றன.

முதலில் வாசற்படி. விண்ணப்பிக்கப் போகும்போது அடையாள அட்டைப் பிரதி, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் பெற்ற கிராம சேவகரின் வருமானச் சான்று, வழக்கின் விபரம் மூன்றும் கையில் இருக்கட்டும். அஸ்வெசும பெறுகிறவர்கள் அந்த வங்கிப் புத்தகத்தையும் எடுத்துப் போகலாம். வருமான எல்லை காலத்துக்குக் காலம் மாறும், நிலையத்திலேயே கேளுங்கள். பலர் தடுமாறுவது மூன்றாவது விடயத்தில். பிடித்த பொலிஸ் நிலையத்தின் பெயர் மட்டும் தெரிந்துகொண்டு வருகிறார்கள். குற்றச்சாட்டு இன்னும் பதியப்படாத வழக்கு நீதவான் நீதிமன்றத்தில் ‘பி’ அறிக்கை (விசாரணை பற்றிப் பொலிஸார் மன்றுக்குக் கொடுக்கும் அறிக்கை) இலக்கத்தில்தான் ஓடும். அந்த இலக்கம், நீதிமன்றத்தின் பெயர், அடுத்த தவணைத் திகதி இல்லாமல் எந்தச் சட்டத்தரணியாலும் பதிவேட்டைத் திறக்க முடியாது. தவணை நாளில் நீதிமன்றத்துக்குப் போகும் உறவினர் ஒரு துண்டில் இவற்றை எழுதிக்கொண்டு வந்தால் ஒரு வாரம் மிச்சம்.

இந்தச் சான்றிதழ் ஒழுங்கிலேயே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கைது செய்யப்பட்டவரைப் பொலிஸார் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுவர வேண்டும். கிராம சேவகர் அலுவலகத்தில் இருக்கும் நாள் பார்த்து, பிரதேச செயலகத்துக்கு அலைந்து, படுவான்கரையிலிருந்தோ வாகரையிலிருந்தோ பஸ் பிடித்து வந்து சேர எத்தனை நாள் ஆகும்? அதற்குள் முதல் விளக்கமறியல் உத்தரவு போய்விடும். கைதானவர் முதல் நாளில் வாய்திறக்க ஆளில்லாமல் நிற்பார். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2012 இல் ஏற்றுக்கொண்ட குற்றவியல் சட்ட உதவிக் கோட்பாடுகள் இதற்கு நேரடியாகப் பதில் சொல்கின்றன: பொலிஸ் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ உடனடி உதவி தேவைப்படுகிறவருக்கு, தகுதி பார்க்கும் வேலை முடியும் வரை காத்திராமல், ஆரம்ப உதவியைக் கொடுக்க வேண்டும். ஆகவே ஒரு நிலையத்தை எடைபோட நாங்கள் முதலில் கேட்பது, காலை நீதவான் மன்று கூடும்போது அங்கே நிற்பதற்கென்று ஒருவர் இருக்கிறாரா என்பதைத்தான். தாள்கள் பிறகு வரலாம்.

அடுத்தது கோவை. நல்ல கோவையின் முதல் தாளைப் பார்த்தாலே வழக்கின் கதை தெரிய வேண்டும். கைதான திகதியும் நேரமும், ஒவ்வொரு தவணையிலும் என்ன உத்தரவு, பிணை எப்போது கேட்கப்பட்டது, என்ன காரணத்தால் மறுக்கப்பட்டது, அன்று ஆஜரானவர் யார். கைதுத் திகதி அங்கே இருக்க வேண்டியதற்கு வலுவான காரணம் உண்டு. 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டப்படி, தீர்ப்பில்லாமல் ஒருவரை 12 மாதங்களுக்கு மேல் மறியலில் வைத்திருக்கக் கூடாது. சட்டமா அதிபர் கேட்டு மேல் நீதிமன்றம் நீடித்தாலும் மொத்தமாக மேலும் 12 மாதங்கள்தான். (பயங்கரவாதத் தடைச் சட்டம் போன்ற சில விசேட சட்டங்களின் கீழான வழக்குகளுக்கு இது பொருந்தாது.) இந்தக் கணக்கு தானாக யாருக்கும் மணியடித்துச் சொல்லாது. பத்தாவது மாதத்திலேயே பட்டியலைப் பார்த்து, நகர்த்தல் பத்திரம் (மன்றிடம் உத்தரவு கேட்டுக் கொடுக்கும் எழுத்து விண்ணப்பம்) தயாரிக்கச் சொல்ல அலுவலகத்தில் ஒருவர் வேண்டும். அந்த ஆள் இல்லாத இடத்தில் 12 மாதம் 15 ஆகும், 18 ஆகும். அதில் யாருடைய கெட்ட எண்ணமும் இராது. பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான்.

வேறு சில காலக்கெடுக்கள் இதைவிடக் கடுமையானவை. தண்டனைக்கு எதிரான மேன்முறையீட்டுக்கு 14 நாட்கள். சிறையில் இருப்பவர் சிறைச்சாலை அத்தியட்சகர் ஊடாகவும் அதைக் கொடுக்கலாம். தீர்ப்பு நாளில் ஆஜரான சட்டத்தரணியோடு வேலை முடிந்தது என்று கோவையைக் கட்டிவைத்தால் இந்த 14 நாட்கள் ஓசையில்லாமல் ஓடிவிடும். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் செல்ல ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்துவிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அம்பாறையிலும் அதன் பிராந்திய அலுவலகங்கள் இருக்கும்போது இந்த வசதியைத் தவறவிடுவது பெரும் இழப்பு. பொலிஸ் தடுப்பில் அடிபட்டவர் விடயத்தில் முதல் சந்திப்பிலேயே இதைக் கேட்டுப் பதியும் சட்ட உதவி அலுவலருக்கு முழுப் புள்ளி கொடுக்கலாம்.

போதைப்பொருள் வழக்குகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘பி’ அறிக்கையில் பொலிஸார் எழுதுவது மொத்த நிறை. அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வந்த பிறகே அதில் தூய ஹெரோயின் எவ்வளவு என்பது தெரியும். 2 கிராமும் அதற்கு மேலும் என்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் என்பதால், இந்த இரண்டு இலக்கங்களுக்கும் இடையில் ஒருவரின் வாழ்க்கையே தொங்குகிறது. அறிக்கை வந்துவிட்டதா என்று ஒவ்வொரு தவணையிலும் மன்றில் கேட்பதும், வராவிட்டால் அதை வழக்கேட்டில் பதிவிக்கச் செய்வதும் சட்டத்தரணியின் கடமை. எந்தெந்தக் கோவைகள் அந்த அறிக்கைக்காகக் கிடக்கின்றன என்று மாதமொரு முறை பட்டியல் எடுப்பது அலுவலகத்தின் கடமை. பின்னதுதான் பெரும்பாலும் விடுபடுகிறது.

பிணை கிடைத்தும் வெளியே வராதவர்கள் இன்னொரு கூட்டம். உத்தரவில் இரண்டு சரீரப் பிணையாளர், அதாவது அவருக்காகப் பொறுப்பேற்றுக் கையெழுத்திடும் ஆட்கள், என்று இருக்கும். பிணையாளரின் வதிவிடத்தைக் கிராம சேவகர் உறுதிப்படுத்த வேண்டும், பிரதேச செயலகத்தின் மேலொப்பம் வேண்டும், ஆட்கள் அசல் அடையாள அட்டையோடு நேரில் நிற்க வேண்டும். கடலுக்குப் போகிறவர், கூலி வேலைக்குப் போகிறவர் இரண்டு பேரை ஒரே நாளில் நீதிமன்றத்தில் நிறுத்துவது குடும்பத்துக்குப் பெரும்பாடு. பிணை கேட்கும் முன்னரே பிணையாளர் தாள்களைத் தயாராக வைத்திருக்கச் சொல்லும் நிலையம் தொழில் தெரிந்த நிலையம். பிணையாளர் கிடைக்காவிட்டால் நிபந்தனையை மாற்றக் கேட்டு நகர்த்தல் பத்திரம் போடலாம். அதைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லாததால்தான் உத்தரவு கையில் இருந்தும் பலர் உள்ளே இருக்கிறார்கள். கொலை போன்ற, மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றமென்றால் பிணை பொதுவாக மேல் நீதிமன்றத்தில்தான். அதற்கு நீதவான் மன்ற வழக்கேட்டின் அத்தாட்சிப்படுத்திய பிரதி தேவை. முதல் சந்திப்பன்றே அந்தப் பிரதிக்கு விண்ணப்பித்தால்தான் மனு காலத்தோடு போகும்.

இனி தூரம். கல்முனை நீதிமன்றத்தில் மறியல் உத்தரவு பெறும் பலர் மட்டக்களப்புச் சிறைச்சாலைக்கே அனுப்பப்படுகிறார்கள். வழக்கு கல்முனையில், ஆள் சுமார் 40 கிலோமீற்றருக்கு அப்பால். சட்டத்தரணி தன் கட்சிக்காரரைச் சந்திப்பது தவணையன்று கூண்டுக்கு அருகே இரண்டு நிமிடம் மட்டும் என்றால் அது சட்டப் பாதுகாப்பு ஆகாது. சாட்சி யார், அன்று எங்கே இருந்தார், வாக்குமூலத்தில் எந்த மொழியில் கையெழுத்திட்டார் என்பதெல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில் வராது. வழக்கை ஏற்கும் நிலையமும் ஆள் இருக்கும் ஊரின் நிலையமும் சிறைச் சந்திப்பை ஒருவருக்காக ஒருவர் செய்து குறிப்பை அனுப்பினால் இது தீரும். இரண்டு நிலையங்களுக்கும் மேலே இருந்து அந்த ஒழுங்கைக் கட்டளையாகப் போடக்கூடிய ஒருவர் வேண்டும்.

மேல் நீதிமன்றம் நியமிக்கும் சட்டத்தரணி பற்றி: நியமனம் உறுதியாகக் கிடைக்கும், அது இந்த வழியின் பலம். பலவீனம், அவர் தனியாள். அவருக்குப் பின்னால் அலுவலகமில்லை, இடத்தைப் போய்ப் பார்க்க ஆளில்லை, கொடுப்பனவும் சிறியது. குற்றப்பத்திரிகையோடு சாட்சிகளின் வாக்குமூலங்களும் சான்றுப் பொருட் பட்டியலும் இணைக்கப்பட்டு எதிரியின் கையில் கொடுக்கப்படும். அந்தக் கட்டு சிறைக்குள் போய்விட்டால் சட்டத்தரணி வெறுங்கையோடு நிற்பார். குடும்பம் ஒரு முழுப் பிரதி எடுத்து வைத்திருக்க வேண்டும். இந்தியாவில் 2022 இலிருந்து தேசிய சட்ட சேவைகள் ஆணையம் மாவட்டம் தோறும் தலைமை, துணை, உதவி என்ற படிகளில் எதிரிக்காக வாதாடும் முழுநேரப் பாதுகாப்புச் சட்டத்தரணிகளை அமர்த்தும் முறையைத் தொடங்கியது. அவர்கள் தனியார் வழக்கு எடுக்க முடியாது. ஒரே கூரை, ஒரே பதிவேடு, கேட்க ஒரு தலைவர். நமது மேல் நீதிமன்றங்களுக்கு அப்படியொரு ஏற்பாடு வந்தால் நியமனத்தின் பெறுமதி பல மடங்காகும்.

எத்தனை வழக்கு என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. அமெரிக்காவில் 1973 இல் வகுத்த தேசிய அளவுகோல், ஒரு பொதுப் பாதுகாப்புச் சட்டத்தரணிக்கு ஆண்டுக்குப் பாரிய குற்ற வழக்குகள் 150, அல்லது சிறு குற்ற வழக்குகள் 400 என்று எல்லை போட்டது. அந்த எல்லையே மிக அதிகம் என்று 2023 இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அங்கே பெரிய பாதுகாப்பு அலுவலகங்களில் வாதாடாத ஒரு மூத்த செயற்பாட்டு அதிகாரி இருப்பார். ஆளணி, பணம், கோவை மென்பொருள், புலனாய்வாளர், மொழிபெயர்ப்பாளர் அனைத்தும் அவர் பொறுப்பு. யாருடைய மேசையில் சுமை கூடிவிட்டது என்று பார்த்து, புதிய வழக்கை நிறுத்தும் அதிகாரமும் அவரிடம் இருந்தால்தான் அந்தப் பதவிக்கு அர்த்தம். நன்றாக வாதாடுபவரைப் பதவி உயர்த்தி இந்த நாற்காலியில் இருத்துவது பரவலான பிழை. மன்றில் திறமையும் பதிவேட்டில் பொறுமையும் ஒரே ஆளிடம் அபூர்வமாகவே சேரும்.

மொழி விடயத்தில் அம்பாறை மட்டக்களப்பைவிடக் கடினம். அரசியலமைப்பின் 24 ஆவது உறுப்புரை, நீதிமன்ற மொழி தெரியாதவருக்குத் தமிழிலோ சிங்களத்திலோ மொழிபெயர்ப்பைப் பெறும் உரிமையைத் தருகிறது. அம்பாறை நகரில் வழக்கு நடக்கும் தமிழ் பேசும் ஒருவர், சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்துக்குக் கீழே கையெழுத்திட்டிருந்தால், அதை யார் வாசித்துக் காட்டினார், எந்த மொழியில் என்பதை முதல் சந்திப்பிலேயே சட்டத்தரணி எழுதிக்கொள்ள வேண்டும். மொழிபெயர்ப்புத் தேவை என்பதை முதல் தவணையிலேயே மன்றில் சொல்லி வழக்கேட்டில் பதிவிக்கச் சொல்லுங்கள். விசாரணை நாளில் சொன்னால் தவணை தள்ளும், ஆள் மேலும் சில மாதங்கள் உள்ளே இருக்க நேரும்.