ஏதென்ஸா, டெல்ஃபியா? யோசிக்கப் போகிறவருக்கு எது சரி

கிரேக்கத்துக்கு விசா கிடைத்ததுமே எல்லோரும் சான்டோரினித் தீவுக்கு டிக்கெட் பார்க்கிறார்கள். கடல் பார்க்க அது நல்ல இடம். சாக்ரடீஸையும் பிளேட்டோவையும் படித்துவிட்டு, அவர்கள் நடந்த மண்ணில் உட்கார்ந்து தன் வாழ்க்கையையும் ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம் என்று கிளம்புகிறவருக்கு ஏதென்ஸ், டெல்ஃபி இரண்டும்தான் கணக்கு. ஏதோஸ் மலை மடங்களில் பெண்களுக்கு அனுமதியே இல்லை. அதனால் அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

டெல்ஃபி ஏதென்ஸிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர், பஸ்ஸில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். பர்னாசஸ் மலைச்சரிவில் அப்பல்லோ கோயிலின் சில தூண்கள் நிற்கின்றன. கீழே பள்ளத்தாக்கு முழுக்க ஆலிவ் தோப்பு. போய் நின்றவுடனே மனசு அடங்கிவிடும். ஏதென்ஸில் அப்படி நடக்காது. பித்தியா என்ற பெண் பூசாரி அருள்வாக்கு சொன்னது இங்கேதான். 'உன்னையே நீ அறிவாய்' என்ற வாசகம் இந்தக் கோயிலின் முன்மண்டபத்தில்தான் இருந்தது. இப்போது அந்த எழுத்து அங்கே இல்லை, தேட வேண்டாம்.

அருங்காட்சியகத்தில் வெண்கலத் தேரோட்டி சிலை இருக்கிறது. கி.மு. 470களைச் சேர்ந்தது. எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள், நீங்கள் குனிந்து பாதங்களைப் பாருங்கள். நரம்பும் நகமும் அவ்வளவு துல்லியம். தேருக்குள் நிற்கும்போது அந்தப் பாதங்கள் யார் கண்ணுக்கும் பட்டிருக்காது. யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் ஒருவர் அவற்றை அப்படிச் செய்திருக்கிறார். என் வேலையை நான் எப்படிச் செய்கிறேன் என்று அந்தச் சிலையின் முன்னால் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் டெல்ஃபிதானா? இல்லை, என் ஓட்டு ஏதென்ஸுக்கு. காரணம் சாக்ரடீஸ் கதையிலேயே இருக்கிறது. அவருடைய நண்பர் கைரெஃபோன் டெல்ஃபிக்குப் போய், சாக்ரடீஸைவிட அறிவாளி உண்டா என்று கேட்டார். இல்லை என்று வாக்கு வந்தது. சாக்ரடீஸ் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. அரசியல்வாதி, கவிஞர், கைவினைஞர் என்று ஏதென்ஸில் ஒவ்வொருவராகப் பிடித்துக் கேள்வி கேட்டுச் சரிபார்த்தார். வாக்கு டெல்ஃபியில் கிடைத்தது, வேலை நடந்தது ஏதென்ஸில்.

அந்த வேலை நடந்த இடம் அகோரா, பழைய சந்தைவெளி. அதன் ஓரமாக ரயில் ஓடுகிறது, சத்தம் ஓயாது. அக்ரோபோலிஸ் மலைக்கோட்டையைப் பார்த்த கண்ணுக்கு இங்கே பெரிதாக எதுவும் தெரியாது. தென்மேற்கு மூலையில் எல்லைக்கல் ஒன்று நிற்கிறது. அதன் பக்கத்தில் முழங்கால் உயரம்கூட இல்லாத சுவர்கள். அங்கே தோண்டியபோது செருப்புக்கு அடிக்கும் இரும்பு ஆணிகளும் 'சைமனுடையது' என்று கீறிய கிண்ணத்தின் அடிப்பாகமும் கிடைத்தன. சைமன் செருப்புத் தைப்பவர். சாக்ரடீஸ் அவர் கடைக்கு வந்து பேசுவாராம், சைமன் அதைக் குறித்து வைப்பாராம். அப்போது ஏதென்ஸின் பெரிய தலைவராக இருந்த பெரிக்கிளீஸ் 'என்னிடம் வந்துவிடு, உன்னைப் பார்த்துக்கொள்கிறேன்' என்றபோது, பேச்சுச் சுதந்திரத்தைக் காசுக்குக் கொடுக்க மாட்டேன் என்று சைமன் மறுத்ததாகவும் பழைய நூல் சொல்கிறது. சம்பளத்துக்காக வாயை மூடிக்கொண்ட நாட்கள் எனக்கு உண்டு. அந்தச் சுவர் ஓரத்தில் அவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

பிளேட்டோ நடத்திய அகாடமி என்ற பள்ளி இருந்த இடம் இன்று சாதாரணக் குடியிருப்பு நடுவே ஒரு பூங்கா. கட்டணம் கிடையாது, உட்கார்ந்து படிக்க நல்ல நிழல். அரிஸ்டாட்டில் பாடம் நடத்திய லைசியம் 1996இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அடித்தளம் மட்டுமே மிச்சம், அரை மணி நேரம் போதும். பிலோபாப்போஸ் குன்றில் 'சாக்ரடீஸ் சிறை' என்று காட்டும் குகையை நம்ப வேண்டாம். அவர் விஷம் குடித்த சிறை என்று ஆய்வாளர்கள் சிலர் கருதும் கட்டடம் அகோராவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஐந்து நாள் இருந்தால் முதல் இரண்டை டெல்ஃபிக்குக் கொடுங்கள். காலையில் போய் மாலையில் திரும்பும் டூர் வேண்டாம், கூட்டத்தோடு ஓட வேண்டியிருக்கும். இரவு அங்கேயே தங்கி, காலையில் திறந்தவுடன் உள்ளே போங்கள். அப்புறம் மூன்று நாள் ஏதென்ஸ். மூன்றே நாள்தான் என்றால் டெல்ஃபியை விட்டுவிடலாம். ஜூலை, ஆகஸ்டில் வெயில் கொளுத்தும், ஏப்ரலோ அக்டோபரோ பாருங்கள். அகோராவுக்கு ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குங்கள், கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கட்டும்.